மின்கிற்றாரும் மண்வாசனையும்

அண்மைக் காலமாக எமது முற்போக்கு நண்பர்கள் சிலரிடையே ஒரு தீர்ப்பு மிக மலிவாக வழங்கப்பட்டு வருகின்றது. 'ஹெவி மெற்றல்' என வழங்கும் இசை ஏகாதிபத்திய நாடுகள் எறிந்த கழிவு. அது வெறும் இரைச்சல். அதனைச் செவிமடுக்கும் மாணவன் தன் மண்ணையும் மக்களையும் மறந்தவன் என்பதே அத்தீர்ப்பு. தீர்ப்பு வழங்குவோர் வழக்கை விசாரித்தார்களா என்று கேட்டால், விசாரிக்கவில்லை என்பதையே ஒரு பெருமையாகக் கூறுகின்றனர். ஒரு பாட்டைக்கூட முழுமையாகக் கேட்டதில்லை என்பது அவர்களுக்குக் குறையாகத் தோன்றவில்லை. தூய்மையின் சான்றாகத் தோன்றுகிறது.

இவ்விசை முழுவதற்கும் வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. அதிற் பெரும்பகுதி வெற்று ஆரவாரம் என்பதையும், மண்டையோட்டையும் பிசாசையும் படம்போட்டுக் காசாக்கும் சரக்கு என்பதையும் நாமும் அறிவோம். தமிழில் வெளிவரும் நாவல்களிற் பெரும்பகுதியும் குப்பைதான். அதனால் நாவல் என்ற வடிவத்தையே நாம் கடலில் எறிந்துவிடவில்லை. சரக்கைப் பாராது பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்து விலை சொல்லும் விமர்சனத்தையே நாம் எதிர்க்கின்றோம். பிறேசில் நாட்டிற் பிறந்த மாக்ஸ் கவலெரா என்ற பாடகரின், கிற்றார் வாத்தியக்காரரின், வாழ்க்கையை முன்வைத்தே எமது வாதத்தை நடத்த விரும்புகின்றோம். அவரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எமது நண்பர்கள் இன்று சொல்வதை அவருடைய நாட்டின் முற்போக்காளர்கள் அவர் பிறப்பதற்கு முன்பே சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

1964இல் பிறேசிலின் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1985 வரை, இருபத்தொரு ஆண்டுகள், அந்நாடு தளபதிகளின் காலடியிற் கிடந்தது. அந்த ஆட்சியின் நான்காம் ஆண்டில், 1967 யூலை 17ஆம் நாள், சாவோ போலோ நகரில் இசைக் கலைஞர்கள் ஓர் ஊர்வலம் நடத்தினார்கள். தளபதிகளுக்கு எதிரான ஊர்வலமன்று. மின்கிற்றாருக்கு எதிரான ஊர்வலம்! புகழ்பெற்ற பாடகி எலிஸ் றெஜீனா முன்வரிசையில் நடந்தார். மின்கிற்றார் அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் கருவி, அது நாட்டின் இசையைக் கெடுக்க வந்தது என்பது அவர்கள் வாதம். ஊர்வலத்தின் பின்னணியில் நின்றது ஒரு தனியார் தொலைக்காட்சி நிலையத்தின் நிகழ்ச்சி விளம்பரம் என்பதை நடந்தவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்களோ! தேசிய உணர்ச்சியும் விளம்பரக் கணக்கும் கைகோத்து நடக்கையில் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

அவ்வூர்வலத்தில் நடந்தவர்களுள் ஜில்பேர்ட்டோ ஜில்லும் ஒருவர். மூன்று மாதங்கள் கழித்து, அதே தொலைக்காட்சி நிலையத்தின் இசை விழாவிலே, 'ஒஸ் முத்தாந்தெஸ்' என்ற இளைஞர் குழுவின் மின்கிற்றார் பக்கவாத்தியமாக ஒலிக்க, ஜில் தம் பாட்டைப் பாடி இரண்டாம் பரிசு பெற்றார். அவருடைய தோழர் கயெத்தானோ வெலோசோவும் அவ்விழாவில் மின்கிற்றார்க் குழுவுடனேயே மேடையேறினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் இராணுவ ஆட்சி எஞ்சியிருந்த உரிமைகளையும் பறித்தபோது சிறைக்குச் சென்றவர்கள் யார்? ஜில்லும் வெலோசோவும். 1969இல் இருவரும் நாடுகடத்தப்பட்டு இலண்டனுக்குப் போயினர். கிற்றாரில் மின்சாரம் ஓடுகிறதா இல்லையா என்று தளபதிகள் பார்க்கவில்லை. பாடுபவன் யாரோடு நிற்கிறான் என்பதையே பார்த்தார்கள். விமர்சகர்களுக்கு விளங்காத ஒன்று இராணுவத்துக்கு விளங்கியிருந்தது.

மின்சாரம் இல்லாத கிற்றார் மட்டும் பிறேசிலின் காட்டிலே முளைத்ததா என்றும் கேட்கலாம். அது போர்த்துக்கேயரின் கப்பலில் வந்தது. எமது இசைமேடையிலே பிடில் ஏறியதும், நாடகக் கொட்டகையில் ஆர்மோனியம் ஏறியதும் எவ்வழியால் என்று விசாரிக்கப் புகுந்தால் விவாதம் நீளும். மேலே செல்வோம்.

ஹெவி மெற்றல் இசை பிறந்த இடத்தையும் சற்றுப் பார்த்துவிட வேண்டும். இவ்விசை ஏகாதிபத்தியத்தின் மாளிகையிற் பிறந்ததென்று எண்ணுவோர், பேர்மிங்ஹாம் நகரின் தொழிற்சாலைப் பகுதிகளை அறியாதவர்கள். 1965இல், பதினேழு வயதான ரொனி அயோமி என்ற இளைஞர் அந்நகரில் உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். அன்று அவருக்கு அங்கே கடைசி நாள். இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துக்கொண்டது. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்களுக்கு உறை செய்து, மெல்லிய தந்திகளைப் பூட்டி, பின்னர் அவற்றின் இறுக்கத்தையும் தளர்த்தி அவர் வாசித்தார். தந்தி தளர்ந்ததும் சுருதி தாழ்ந்தது, ஒலி கனத்தது. 1970இல் 'பிளாக் சபத்' என்ற பெயரோடு வந்த முதல் இசைத்தட்டிலும், அதன் பின்வந்தவற்றிலும் உலகம் கேட்ட அந்தக் கனம், தொழிற்சாலை விபத்தொன்றின் நேர் விளைவு. பிறேசிலிலும் அதே காலத்தில் ஒரு விரல் போயிற்று. பத்தொன்பது வயதில் உலோகத் தொழிற்சாலை ஒன்றில் இடக்கைச் சுண்டுவிரலை இழந்த ஒருவர், பின்னர் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகி, 1970களின் இறுதியில் இராணுவ ஆட்சியின் கீழேயே பெரும் வேலைநிறுத்தங்களை நடத்தினார். அவர் பெயர் லூலா. பின்னாளில் அந்நாட்டின் சனாதிபதி. இரண்டு விரல்களுக்கும் தொடர்பு இல்லைதான். ஆயினும், உலோகத்தின் பெயரைத் தாங்கிய இசையைத் தொழிலாளிக்கு அந்நியம் என்பவர்கள் இதையும் அறிந்திருப்பது நல்லது.

மாக்ஸ் கவலெரா 1969 ஓகஸ்ட் 4ஆம் நாள் பெலோ ஒறிசொன்ரே நகரிற் பிறந்தார். அந்நகரைத் தலைநகராகக் கொண்ட மாநிலத்தின் பெயரே 'சுரங்கங்கள்' என்ற பொருள்படுவது: மீனாஸ் ஜெறாயிஸ். ஒரு காலத்தில் அடிமைகள் தோண்டிய பொன்னும், பிற்காலத்தில் இரும்பும் அம்மண்ணிலிருந்து கப்பலேறின. ஆனால் மாக்ஸ் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை அல்லர். தந்தை இத்தாலியர், இத்தாலியத் தூதரகப் பணியாளர். வீட்டில் வசதி இருந்தது. 1979இல் தந்தை மாரடைப்பால் இறந்தார். மாக்சுக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி இகோருக்கு அதனிலும் ஒன்று குறைவு. வசதியும் தந்தையோடு போயிற்று. சாவோ போலோவை விட்டுத் தாய் பிள்ளைகளோடு பெலோ ஒறிசொன்ரேக்குத் திரும்பினார். இதனை நாம் மறைக்காமற் சொல்கின்றோம். ஏனெனில் கலைஞர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டாளிச் சாதகம் எழுதிவைக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. மாக்சின் சாதகம் சரிந்து விழுந்த நடுத்தர வர்க்கத்தின் சாதகம். மேலே இருந்து கீழே விழுந்தவனுக்கு இரு தளங்களும் தெரியும். அவன் சினம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது மட்டும் முன்கூட்டித் தெரியாது.

சகோதரர் இருவரும் பாடசாலையைப் பாதியில் விட்டனர். 1984இல் நண்பர்களோடு சேர்ந்து 'செபுல்துரா' என்ற குழுவைத் தொடங்கினர். போர்த்துக்கேய மொழியில் அச்சொல்லுக்குப் புதைகுழி என்பது பொருள். இராணுவ ஆட்சி முடிவதற்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. 1985இல், மாக்சுக்குப் பதினாறு வயதிருக்கையில், முதல் ஒலிப்பதிவு வந்தது; 1986இல் முதல் முழு இசைத்தட்டு. இவை நல்ல படைப்புகள் என்று நாம் சொல்லமாட்டோம். பிசாசு, சிலுவை, சாவு என்று ஐரோப்பியக் குழுக்கள் பாடியதை அரைகுறை ஆங்கிலத்திற் பிரதிசெய்தவை அவை. கிற்றாரின் சுருதிகூடச் சரியாகச் சேரவில்லை. எமது நண்பர்களின் 'போலி' என்ற குற்றச்சாட்டு இங்கே முற்றாகப் பொருந்தும். ஆயினும் ஒரு கேள்வி. எந்தக் கலைஞன் போலி செய்யாமல் தொடங்கினான்? உருசிய நாவல்களை மொழிபெயர்ப்பில் வாசித்து, அந்தப் பனியையும் குதிரைவண்டியையும் தங்கள் கதைகளில் ஓடவிட்ட எழுத்தாளர்களை நாம் அறியோமா? அவர்களிற் சிலர் பின்னர் எமது மண்ணையே எழுதவில்லையா?

மாக்சின் கிற்றாரைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். கிற்றாருக்கு ஆறு தந்திகள். அவருடைய கிற்றாரில் நான்கே உண்டு. மெல்லிய தந்திகள் இரண்டையும் அவர் பூட்டுவதில்லை. நுண்ணிய தனிவாசிப்புக்கு அவை வேண்டும். மாக்ஸ் தனிவாசிப்புக்காரர் அல்லர். அவர் தேடியது தடித்த தந்திகளின் தாளத்தை. கிற்றாரையே ஒரு பறைபோலப் பயன்படுத்தியவர் அவர். வித்துவத்தைப் பறைசாற்றாத இந்த வறிய வாத்தியம், அவ்விசையுலகின் விரலோட்டப் பகட்டுக்கு நேர்மாறானது. வித்துவச் செருக்கைக் கண்டிப்பதிலே வல்லவர்களான எமது விமர்சகர்கள் இதனைக் கவனித்திருக்கலாம்.

1987இல் அந்திரெயாஸ் கிஸர் என்ற நல்ல வாத்தியக்காரர் குழுவிற் சேர்ந்தார். ஒல்லாந்தில் தோன்றிய 'றோட்றன்னர்' கொம்பனி அவர்களை ஒப்பந்தம் செய்தது. 1989இல் வந்த இசைத்தட்டு அவர்களை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டு சென்றது. அவ்வாண்டு பிறேசிலின் பணவீக்கம் ஆயிரம் விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. காலையிற் கண்ட விலை மாலையில் இல்லாத நாட்டிலிருந்து புறப்பட்ட நால்வர், அந்நிய மேடைகளில் நின்றபோதுதான் தாம் யார் என்று கேட்கத் தொடங்கினார்கள் என்பது எமது ஊகம். 1993இல் வெளிவந்த 'கேயோஸ் ஏ.டி.' என்ற இசைத்தட்டு அக்கேள்விக்குக் கிடைத்த விடை. பிசாசுகள் மறைந்தன. பொலிசும் சிறையும் நிலமும் வந்தன.

அத்தட்டின் முதல் ஒலி எது தெரியுமா? மாக்சின் பிறவாத குழந்தையின் இதயத் துடிப்பு. தாயின் வயிற்றில் இருக்கையிற் பதிவுசெய்யப்பட்ட அத்துடிப்பின்மேல் இகோரின் முரசு ஏறுகிறது. அதன் பின் வரும் பாட்டின் பெயரே மறுப்பையும் எதிர்ப்பையும் குறிப்பது. மாக்சின் ஆங்கிலம் இங்கும் எளியதுதான். ஆனால் முன்னர் இயலாமையாக இருந்த எளிமை இப்போது சுவரில் எழுதும் முழக்கத்தின் எளிமையாகிவிட்டது.

இதே தட்டில் 'மனிபெஸ்ற்' என்றொரு பாட்டு உண்டு. அதற்கு நாம் சற்று நேரம் ஒதுக்கவேண்டும். 1992 ஒக்ரோபர் 2ஆம் நாள், சாவோ போலோவின் கரந்திறு சிறைச்சாலையிற் கைதிகளிடையே கலவரம் மூண்டது. இராணுவப் பொலிசார் உள்ளே நுழைந்தனர். அன்று மாண்ட கைதிகள் 111 பேர். பொலிசாரில் ஒருவரும் இறக்கவில்லை. கைதிகளுக்காக அழுவதற்கு ஆள் அதிகம் இல்லை. 'செத்தவர்கள் கள்வர்கள்தானே' என்ற குரலே நடுத்தர வர்க்க வீடுகளில் ஓங்கி ஒலித்தது. அடுத்த ஆண்டே அக்கொலையைத் தம் பாட்டாக்கினார்கள் இந்நால்வர். செய்தி வாசிப்பது போன்ற குரல் ஒன்று நிகழ்ச்சியைக் கூற, கிற்றார் அதன்மேல் விழுகிறது. கேட்க இனிமையாக இல்லை என்கிறார்கள். 111 பேரின் கொலையை எந்த இராகத்தில் இனிமையாகப் பாடவேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்!

பின்னர் நடந்ததையும் கேளுங்கள். அன்று படையை நடத்திய கேணலுக்கு 2001இல் நீதிமன்றம் 632 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டுக் காலத்தில் வெளியே இருந்த அவர் 2002இல் மாநிலச் சட்டமன்றத் தேர்தலிலே போட்டியிட்டார், அவருடைய வேட்பாளர் இலக்கம் 111 என்றே முடிந்தது, வெற்றியும் பெற்றார். 2006இல் அவர்மீதான தீர்ப்பு நீக்கப்பட்டது. 2022 டிசம்பரில், பதவி முடியும் தறுவாயில், சனாதிபதி பொல்சொனாறோ அச்சம்பவத்திற் குற்றவாளிகளாகக் காணப்பட்ட பொலிசாருக்கு மன்னிப்பு வழங்கும் கட்டளையில் ஒப்பமிட்டார். சிறைக் கட்டடம் 2002இல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இளைஞர் பூங்கா ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. கட்டடம் போயிற்று, பாட்டு இருக்கிறது. தேர்தலில் அந்த இலக்கத்தைத் துணிந்து காட்டிய சமுதாயத்திலே, 111 என்ற எண்ணைக் கொலையின் எண்ணாகவே இளைஞரின் காதில் நிறுத்திவைத்தது இப்பாட்டு. இதனை 'இரைச்சல்' என்று ஒதுக்கிவிட்டு நாம் எந்த மென்மையான கலையைத் தேடிப் போகின்றோம்?

வெறும் இரைச்சலே இவர்கள் தொழில் என்பவர்களுக்கு அதே தட்டில் இன்னொரு மறுமொழியும் இருக்கிறது. நிலத்தைப் பறிகொடுத்து, வாழ வழியற்றுத் தற்கொலைக்குத் தள்ளப்பட்ட கயோவா என்ற பழங்குடி மக்களின் பெயரால் அமைந்த இசை அது. அதில் மின்கிற்றார் இல்லை, பாட்டும் இல்லை. மின்சாரமற்ற கிற்றார்களும் முரசுகளும் மட்டும். ஊர்வலம் போனவர்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அது பதிவுசெய்யப்பட்ட இடம் வேல்ஸ் நாட்டிலே பாழடைந்து கிடக்கும் செப்ஸ்ரோ கோட்டை! பிறேசிலின் பழங்குடியினர் துயரத்தை நோர்மானியப் பிரபுக்கள் கட்டிய கோட்டையிலிருந்து வாசிக்க வேண்டிய நிலைமை, உலகச் சந்தையிலே வறிய நாட்டுக் கலைஞன் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. இங்கேதான் எமது நண்பர்களின் ஏகாதிபத்தியப் பேச்சுக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஒலிப்பதிவு நிலையம் யாருடையது, கொம்பனி எங்கே இருக்கிறது, இலாபம் எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது என்று அவர்கள் கேட்டிருக்கவேண்டும். அதை விடுத்துக் கிற்றாரின் சாதியை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

1996இல் 'றூட்ஸ்' வந்தது. வேர்கள் என்பது பொருள். இத்தட்டைப் புகழ்வோர் பலர். அவர்களுடனும் எமக்கு வழக்கு உண்டு.

1995இல் மாக்சும் தோழர்களும் மாத்தோ குறோசோ மாநிலத்திலுள்ள ஷவாந்தே மக்களின் கிராமத்துக்குச் சென்று, அவர்களோடு தங்கி, அவர்கள் பாடலோடு தம் வாத்தியத்தையும் சேர்த்து ஒலிப்பதிவு செய்தனர். மேனாட்டு இசைப் பத்திரிகைகள் இதனைக் கொண்டாடின. உடலிற் சாயம் பூசிய பழங்குடியினரும் கிற்றார்க்காரரும் அருகருகே நிற்கும் படங்கள் நன்றாக விற்றன. ஷவாந்தே மக்கள் யார் என்று கேட்டவர் அரிது. 1966இல் அம்மக்களின் ஒரு பகுதியினரை, மிகப் பெரிய மாட்டுப் பண்ணை ஒன்றுக்கு இடங்கொடுப்பதற்காக, விமானப் படையின் விமானங்களில் ஏற்றித் தொலைவில் இறக்கினார்கள். போன இடத்திற் சின்னமுத்து நோய் பலரைக் கொன்றது. அந்நிலம் மீண்டும் அவர்கள் கைக்கு வர 2012 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே மக்களிடையே பிறந்த மரியோ ஜுறூனா 1970களில் ஓர் ஒலிப்பதிவுக் கருவியைத் தோளிலே தொங்கவிட்டுக்கொண்டு அரசாங்க அலுவலகங்களுக்குப் போவார். அதிகாரிகள் தரும் வாக்குறுதிகளை எல்லாம் பதிவுசெய்து, பொய்யென்று காட்டுவதற்காக. 1982இல் பிறேசிலின் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதற் பழங்குடி உறுப்பினர் அவரே. கிற்றார்க் குழு ஒலிப்பதிவுக் கருவியோடு ஷவாந்தே கிராமத்துக்குப் போவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு ஷவாந்தே ஒலிப்பதிவுக் கருவியோடு தலைநகருக்குப் போய்விட்டார்! இந்த வரலாற்றை அறியாமல் 'ஆதிகாலத்து ஒலி' என்று வியப்பவன், அம்மக்களைக் காட்சிச்சாலைப் பொருளாகவே காண்கிறான்.

அத்தட்டின் உறையிலுள்ள பழங்குடி முகம் பிறேசிலின் ஆயிரம் குரூசெய்ரோ நாணயத்தாளிலிருந்து எடுக்கப்பட்டது. பழங்குடியினரின் நிலத்தை எடுத்துக்கொண்ட அரசு அவர்களின் முகத்தைப் பணத்தில் அச்சிட்டது. அந்தப் பணத்தையும் பணவீக்கம் தின்றது. தட்டு வெளிவருகையில் குரூசெய்ரோ புழக்கத்திலேயே இல்லை. செல்லாத தாளின் முகம், உலகச் சந்தையில் விலைபோகும் தட்டின் முகமாயிற்று. 'வேர்' என்ற பெயர் பெற்ற இத்தட்டின் பெரும்பகுதி பதிவானது கலிபோர்னியாவில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் நாம் சொல்வது மாக்சைத் தாழ்த்துவதற்கன்று. இத்தட்டிலே, இறப்பர் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்து 1988இல் பண்ணையார்களாற் கொல்லப்பட்ட சிக்கோ மென்டிசுக்கு ஒரு பாட்டு இருக்கிறது. இராணுவ ஆட்சியைத் தூற்றும் பாட்டொன்று இருக்கிறது. தப்பியோடிய அடிமைகளின் தலைவன் சும்பியின் பெயரும், வறண்ட வடகிழக்கின் கொள்ளைக்காரன் லம்பியாவோவின் பெயரும் போர்த்துக்கேய மொழியிலேயே ஒலிக்கும் பாட்டு இருக்கிறது. ஆபிரிக்க அடிமைகள் கொண்டுவந்த பெறிம்பாவ் என்ற ஒற்றைத் தந்தி வில்லை மாக்சே மீட்டுகிறார். இகோரின் முரசிலே பாகியா மாநிலத்துக் கறுப்பு மக்களின் வீதித் தாளம் கேட்கிறது. மண்வாசனை என்று நாம் பேசுவோமே, அது இதுதான். ஆனால் இது ஊறுகாய்ப் பரணியிலிருந்து எடுத்த மண்வாசனை அன்று. பேர்மிங்ஹாம் தொழிற்சாலையின் ஓசை பாகியாவின் முரசோடு மோதியபோது எழுந்தது. தூய்மை தேடியவர்கள் ஊர்வலத்தோடு நின்றுவிட்டார்கள்.

அதே ஆண்டின் இறுதியிற் குழு உடைந்தது. ஓகஸ்ட் மாதத்தில் மாக்சின் மனைவியின் மகன் வீதி விபத்திற் பலியானார். டிசம்பர் 16ஆம் நாள் இலண்டனிற் கச்சேரி. குழுவின் முகாமையாளராக இருந்தவர் மாக்சின் மனைவி. அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என மற்ற மூவரும் தீர்மானித்தனர். மாக்ஸ் வெளியேறினார். அண்ணனும் தம்பியும் ஏறக்குறைய பத்தாண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. அரசையும் பண்ணையாரையும் எதிர்த்து ஒரே குரலிற் பாடிய நால்வரை ஓர் ஒப்பந்தப் பத்திரம் பிரித்துவிட்டது. இதனை வெறும் குடும்பச் சண்டை என்று விட்டுவிடுதல் கூடாது. மேடையிலே தோழமை, கணக்குப் புத்தகத்திலே தனியார் கொம்பனி. எதிர்ப்பை விற்பனைப் பொருளாக்கும் அமைப்புக்குள் நின்று எதிர்ப்புப் பாடுபவன் எத்தனை நேர்மையுள்ளவனாயினும், ஒரு நாள் அந்தக் கணக்குப் புத்தகத்தின் முன் நின்றே ஆகவேண்டும். மாக்சுக்குப் பின்னால் ஒரு சங்கம் இல்லை, இயக்கம் இல்லை. இரசிகர்கள் இருந்தார்கள், இரசிகர் கூட்டம் இயக்கமாகிவிடாது.

1997இல் அவர் 'சோல்ஃபிளை' என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். பதின்மூன்றுக்குக் குறையாத இசைத்தட்டுகள் அதன் பெயரில் வந்துள்ளன எனக் கணக்கிடுவதில் எமக்கு ஆர்வமில்லை. அவற்றிலே தாளம் உண்டு, சினமும் உண்டு. ஆனால் 1993இல் சிறையையும் பொலிசையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டிய குரல், வரவரக் கடவுளையும் ஆன்மாவையும் குலத்தையும் நாடிச் சென்றது. துயரம் மிகுந்தவன் பிரார்த்தனையில் ஆறுதல் தேடுவதை நாம் பழிக்கமாட்டோம். படைப்பு பொதுமையாகி மங்கியதைச் சொல்லாமலும் இருக்கமாட்டோம். 1990களிலிருந்து அவர் இருப்பிடம் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம். 2006இல் சகோதரர் மீண்டும் இணைந்தனர். 2008இல் இருவரும் சேர்ந்து ஒரு தட்டு வெளியிட்டனர். 2023இல் தமது பதின்பருவத்துப் பாட்டுகளையே மீண்டும் புதிதாகப் பதிவுசெய்தனர். பதினாறு வயதுப் பிசாசுப் பாட்டை ஐம்பது கடந்த பின் திருத்தமாகப் பாடுவதில் என்ன தேவை என்று எமக்கு விளங்கவில்லை. இந்த மங்கலும் சந்தை செய்த வேலையே. பழைய நினைவை மறுபடி விற்பது புதிய சினத்தை உருவாக்குவதிலும் இலகுவானது.

ஆகவே எமது நண்பர்கள் மாக்சைக் கண்டிக்கலாம், கண்டிப்பதற்கு இடமுண்டு. ஆனால் அவர்கள் கண்டிக்கும் காரணம் பிழையானது. கிற்றார் கையில் இருந்ததால் அவர் தவறவில்லை. அந்தக் கிற்றார் கையில் இருந்தபோதுதான் அவர் கரந்திறுவைப் பாடினார்.

1960களின் முற்பகுதியில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை எமது தலைமுறை நூல்களின் வழியாகவே அறியும். டானியலும் டொமினிக் ஜீவாவும் ஒடுக்கப்பட்டோரின் பேச்சைக் கதையில் ஏற்றியபோது, அஃது இழிசனர் வழக்கு, காதுக்கு ஒவ்வாது, இலக்கியம் ஆகாது என்று பண்டிதர்கள் கூறினார்கள். என்ன சொல்லப்படுகிறது என்று அவர்கள் கேட்கவில்லை. ஓசை பிடிக்கவில்லை என்றார்கள். அந்தப் பண்டிதர்களைப் பரிகசித்துக் கட்டுரை எழுதியவர்களின் வழிவந்தோர், இன்று ஒரு மாணவன் செவியில் மாட்டியிருப்பதைக் கண்டவுடன் அதே சொற்களைக் கையாளுகின்றார்கள். 'காதுக்கு ஒவ்வாது' என்பது விமர்சனம் அன்று. அது காதின் வர்க்கத்தைக் காட்டும் ஒப்புதல் வாக்குமூலம். அந்த மாணவன் எதைக் கேட்கிறான், அதில் எந்தச் சிறைச்சாலையின் கதை இருக்கிறது என்று அவனிடமே கேட்டறிந்து, அங்கிருந்து பேச்சைத் தொடங்குவது ஆசிரியரின் கடமை. தெரியாது என்று அவன் சொன்னால், 1992 ஒக்ரோபர் 2 என்ற நாளை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க நமக்கே வாய்ப்புக் கிடைக்கிறது.

இவ்விதழில் எமது கருத்தை மறுத்து எழுத விரும்பும் நண்பர்கள் முதலில் அந்த 1993ஆம் ஆண்டுத் தட்டை, இதயத் துடிப்பிலிருந்து முடிவுவரை, ஒரு முறை கேட்டுவிட்டு எழுதுவார்களாக. மறுமொழி கூற ஆயத்தமாக இருக்கின்றோம்.